எண்ணினேன், பார்க்கவில்லை

தொண்ணூற்றேழாம் ஆண்டு எனக்கு இருபத்துநாலு வயது. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கிளிநொச்சியில் சில மாதங்கள் இருந்து, அங்கேயும் இருக்க முடியாமல் எழும்பி, அம்மாவும் நானும் தண்ணீரூற்றுக்குக் கிட்டத் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் காணியில் கொட்டில் போட்டு இருந்தோம். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அண்ணை வெளிநாடு போவதென்று கொழும்புக்குப் போயிருந்தார். ஏழு மாதமாக அவரிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தபடியால் எனக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. மண் சுவரும் தென்னங்கிடுகுக் கூரையுமாக ஒரு சின்ன மருத்துவ நிலையம். சனங்கள் அதைக் காய்ச்சல் கொட்டில் என்பார்கள். அந்த வருஷங்களில் வன்னியில் மலேரியா எட்டிப் பார்க்காத வீடு இல்லை. காய்ச்சலோடு வருகிறவரின் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் தடவி, காயவிட்டு, சாயம் ஊற்றி, கழுவி, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. அந்தக் கண்ணாடித் தட்டை நாங்கள் சிலைட் என்போம். ஆறு கிழமை பழக்கிவிட்டு ஒரு மேசையும் முதுகு இல்லாத ஒரு கதிரையும் தந்தார்கள்.

மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியின் அடியில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கும். அதைத் திருப்பி யன்னலுக்கு வெளியே தெரியும் வானத்து வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். அப்போது கண்ணுக்குள் ஒரு வெள்ளை வட்டம் விரியும். அந்த வட்டத்துக்குள் வெள்ளணுக்கள் ஊதாப் பொட்டுகளாகக் கிடக்கும். கிருமி அவற்றை விட மிகச் சிறியது. ஒரு சிவப்புப் புள்ளி, அதோடு ஒட்டினபடி மெல்லிய நீல வளையம். பக்கத்தில் உள்ள திருகியைக் கொஞ்சம் திருப்பினால் சிலைட் நகர்ந்து அடுத்த வட்டம் வரும். இப்படி நூறு வட்டம் பார்த்து, நூறிலும் ஒன்றும் இல்லையென்றால்தான் துண்டுக் கடதாசியில் 'இல்லை' என்று எழுதலாம்.

ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது சிலைட் வரும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கண்ணை வைத்துவிட்டால் ஒருவரும் என்னோடு கதைக்க மாட்டார்கள். ஆனால் வெளியே கதை நின்றவுடன் உள்ளே தொடங்கிவிடும். அண்ணை எங்கே, அம்மாவின் பிறஷர் குளிசை முடிந்தால் எங்கே வாங்குவது, மழை வந்தால் கிடுகு தாங்குமா என்று ஒன்றின் வாலைப் பிடித்து மற்றது வரும். கை திருகியைத் திருப்பும், வாய்க்குள் எண்ணிக்கை ஓடும். வேலை நடக்கிறது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம், கச்சான் என்கிற நிலக்கடலை பிடுங்குகிற காலம். ஒரு நாள் காலையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் காய்ச்சலோடு வந்தார். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து சின்ன வயதிலேயே தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். நாயாற்றுக்குப் போகிற பாதையில் ஒருவரின் கச்சான் தோட்டத்தில் புருசனும் அவருமாகக் கூலி வேலை செய்தார்கள். விரலில் குத்தினேன். சுவரோரத்து மர வாங்கில் இருக்கச் சொன்னேன். பார்த்தேன். 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன். காய்ச்சல் குளிசை இரண்டோடு அவர் நடந்தே திரும்பிப் போனார்.

நாலாம் நாள் அவரைச் சைக்கிள் கரியரில் இருத்தி, விழாமல் ஒரு சீலையால் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு புருசன் வந்து சேர்ந்தார். அந்தப் பெண்ணின் கண் மஞ்சளித்திருந்தது. ஆளைத் தெரியாமல் ஏதோ பிதற்றினார். நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் இளைப்பாறிய ஒரு அப்போதிக்கரி, உதவி வைத்தியர். எல்லோரும் அவரை டொக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு தரம் இமையைத் திறந்து பார்த்துவிட்டு, கையிருப்பில் இருந்த கொஞ்சக் குயினைன் மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றச் சொன்னார். புதிதாக இரத்தம் எடுத்துத் தானே பார்த்தார். பிறகு என்னிடம், "நாலு நாளைக்கு முந்தின சிலைட்டை எடும்" என்றார்.

பார்த்த சிலைட்டுகளை ஒரு கிழமை வைத்திருப்பது வழக்கம். எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணை வைத்து இரண்டு, மூன்று வட்டம் நகர்த்தியிருப்பார். எழும்பி, இடத்தை எனக்கு விட்டார்.

நான் பார்த்தேன். இரண்டாவது வட்டத்தில் ஒன்று. நாலாவதில் இரண்டு. ஏழாவதில் மூன்று வளையங்கள் பக்கத்தில் பக்கத்தில். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"நூறு வட்டமும் எண்ணினனீரோ பிள்ளை?"

"ஓம் டொக்டர். எண்ணினனான்."

"எண்ணினனீர் எண்டு தெரியுது. பாத்தனீரோ?"

அவர் சத்தம் போட்டிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். அவர் போய்விட்டார், சிலைட் அப்படியே இருந்தது, அந்த வளையங்களும் இருந்தன.

மூன்று நாள் அந்தப் பெண் கொட்டிலின் மூலையில் பாயில் கிடந்தார். புருசன் ஒரு கடதாசி மட்டையால் விசிறியபடியே இருந்தார். நான் வேலை முடிந்து போகாமல் பக்கத்தில் இருந்து உதடு நனைத்துவிட்டேன். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் தேத்தண்ணி கேட்டார். மறுநாள் எழும்பிச் சுவரில் சாய்ந்து இருந்தார். புருசன் வெளியே போன நேரம் பார்த்து நான் கிட்டப் போனேன்.

"உங்கடை காய்ச்சல் முதல் நாளே பிடிபட்டிருக்க வேணும். இரத்தத்திலை கிருமி இருந்தது. நான்தான் காணேல்லை."

"நீங்க பாத்தீங்கதானேங்க மிஸ்ஸி. நான் அந்த வாங்குல உக்காந்து உங்களையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க கண்ண எடுக்கவே இல்லியே." தாதிமாரைக் கூப்பிடுவது போல என்னையும் எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கண் அதிலைதான் இருந்தது. நான் அங்கை இருக்கேல்லை."

"அப்ப எங்கங்க போயிருந்தீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. சந்தைக்குப் போய் வந்தவரிடம் கேட்பது போல, அறிய வேணும் என்ற ஆசையோடு கேட்டார். அன்று காலை நூறு வட்டம் ஓடி முடியும் வரை நான் எங்கே போயிருந்தேன்? எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சாகக் கிடந்து எழும்பிய ஒருவர் கேட்டதற்கு 'தெரியாது' என்று சொல்வது வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு வியப்பும் வந்தது. ஒரு மனிசி தன் மனம் எங்கே போனதென்று தனக்கே தெரியாமல் இருக்க முடியுமா?

அடுத்த நாள் காலையில் நான் ஒரு வேலை செய்தேன். அம்மா சட்டி கழுவப் புளி கரைத்துவிட்டு எறியும் கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவி, மடித்த கடதாசியில் கொண்டு போனேன். மேசையில் இடது கைப்பக்கம் கொட்டைகள், வலது கைப்பக்கம் ஒரு வெறும் தேங்காய்ச் சிரட்டை. பார்த்துக்கொண்டிருக்கும்போது மனம் வேறெங்கோ போய்விட்டதைக் கண்டால் ஒரு கொட்டையைச் சிரட்டைக்குள் போடுவது, திரும்பி வந்து, விட்ட இடத்து வட்டத்திலிருந்து பார்ப்பது. இவ்வளவுதான். ஒருவரும் சொல்லித் தந்ததல்ல. எங்கே போகிறேன் என்று கண்டுபிடிக்க வேணும் என்பதுதான் யோசனை.

முதல் சிலைட்டிலேயே சிரட்டைக்குள் பதினொரு கொட்டை. நான் பயந்துபோனேன். அதைவிடப் பெரிய ஆச்சரியம், மனம் போயிருந்த இடங்கள். அண்ணையை நினைத்துத்தான் மனம் நிலைகொள்ளவில்லை என்று அம்மாவுக்கும் சொல்லி, எனக்கும் சொல்லி வைத்திருந்தேன். அண்ணை வந்தது ஒரே ஒரு கொட்டைக்கு. மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள். காணிக்காரரின் மனைவி, "எவ்வளவு நாளைக்கு இருப்பியள்?" என்று கேட்டதற்கு நான் சொல்லாமல் விட்ட பதில். அந்தப் பதிலை இன்னும் கூர்மையாக எப்படிச் சொல்லியிருக்கலாம் என்பது. யாழ்ப்பாணத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த அலுமாரியின் இரண்டாம் தட்டில் என்னென்ன இருந்தன என்ற பட்டியல். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி என் கொப்பியைக் களவெடுத்துவிட்டு இல்லையென்று சாதித்தது. போரும் பட்டினியும் சுற்றி நிற்க, என் மனம் ஒன்பதாம் வகுப்புக் கொப்பிக்காக வழக்காடிக்கொண்டிருந்தது.

சொல்லக் கூசுகிற ஒன்றும் அகப்பட்டது. மலையகத்தில் இருந்து வந்த சனங்களைப் பற்றி அம்மா மரியாதையில்லாத ஒரு சொல் பாவிப்பா. நான் பாவிப்பதில்லை என்று எனக்கொரு பெருமை இருந்தது. ஒரு நாள் தோட்டத்துப் பக்கத்தில் இருந்து ஒரு கிழவர் வந்து விரலை நீட்டியபோது, 'இந்தச் சனத்துக்கு எப்பவும் காய்ச்சல்தானே' என்று உள்ளே ஒரு குரல் அலட்சியமாகச் சொன்னது. என் குரல்தான். ஒரு கொட்டையை எடுத்துப் போட்டேன். அந்தப் பெண்ணின் சிலைட்டைப் பார்த்த நாளிலும் இதே குரல் உள்ளே இருந்திருக்குமா? தெரியாது. அன்று நான் கவனிக்கவில்லை. கவனிக்காததால் இனி ஒருநாளும் தெரியவும் வராது.

முதல் கிழமை முழுவதும் என்னோடு எனக்குச் சண்டை. கொட்டை விழும்போதெல்லாம், 'மூளை கெட்டவளே, இப்பவும் போனியா' என்று என்னையே பேசுவேன். அந்தப் பேச்சு முடிவதற்குள் ஐந்தாறு வட்டம் ஓடிவிடும். அதற்கும் ஒரு கொட்டை போட வேண்டிவரும். போனதை விடப் போனதற்காகத் திட்டுவதுதான் கூட நேரத்தைத் தின்கிறது என்பதைக் கண்டேன். ஒரு நாள் களைத்துப்போய், திட்டாமல், 'ஓ, அலுமாரிக்குப் போயிருக்கிறேன்' என்று மட்டும் நினைத்துக் கொட்டையைப் போட்டேன். மனம் தன்பாட்டில் திரும்பி வந்தது. இழுக்க வேண்டியிருக்கவில்லை. கண்டவுடனேயே அது வந்துவிடுகிறது! இது எனக்குப் புதினமாக இருந்தது. உண்மைதானா என்று பார்க்க அடுத்த முறையும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த முறையும்.

பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டேன். மூச்சை விடும்போது திருகியைத் திருப்புவது, எடுக்கும்போது பார்ப்பது. ஒரு வட்டத்துக்கு ஒரு மூச்சு. வேலை மெதுவாகியது. வாங்கில் சனம் நெருக்கியது. டொக்டர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஆமை மாதிரிப் போகுது?"

"இண்டைக்குப் பாக்கிறன் டொக்டர்."

அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று தெரியவில்லை. போய்விட்டார். பதினைந்து நாளில் வேகம் பழையபடி வந்துவிட்டது. முன்பு சந்தேகப்பட்டு இரண்டாம் தரம் பார்த்த நேரம் இப்போது மிச்சமாகியது.

காய்ச்சல் தெளிந்த அந்தப் பெண்ணுக்கு வெயிலில் குனிந்து கச்சான் பிடுங்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. டொக்டர் அவரை நிலையத்திலேயே சிலைட் கழுவும் வேலைக்கு எடுத்தார். அப்போது புதுச் சிலைட் வருவது அரிது. பாவித்ததைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, துணியால் துடைத்துத் திரும்பப் பாவிப்போம். அவர் என் மேசைக்குப் பின்னால் குந்தியிருந்து கழுவுவார். வந்த முதல் நாளே சிரட்டையைப் பார்த்துவிட்டார்.

"என்னாங்க இது, சாமிக்கா?"

சொன்னேன். அவர் கேட்டதுதான் காரணம் என்றும் சொன்னேன். அவர் கையை உதறிவிட்டு, "எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்றார்.

காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு ஒரு கரைச்சல் இருந்தது. ஏதாவது படாரென்று சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், பிறகு நெடுநேரம் ஆறாது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வரப் பிந்தினால் என்னவெல்லாமோ நினைத்துக்கொள்வார். கழுவிய சிலைட்டையே திரும்பவும் கழுவுவார். அன்று கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு வேலை தொடங்கினார். பின்னேரம் எழும்பியபோது முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ்ஸி, எனக்கு ஒரு கொட்டைகூட விழலீங்க!"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது என்பதை ஒளிக்க மாட்டேன். நான் கிழமைக்கணக்காகப் பாடுபடுகிறேன், இவர் முதல் நாளே ஒன்றும் போடாமல் முடித்துவிட்டார். "அப்ப முழு நேரமும் கழுவிறதிலையே மனம் இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவர் வாளியைப் பார்த்தார். "இல்லீங்களே. மகளுக்குப் பாவாடை தச்சேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சண்ட போட்டேன். தோட்டத்துல எங்க லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருந்திச்சி, அதுல போய்க் குளிச்சேன்." கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல போனவ இப்ப நீங்க கேட்டப்பதாங்க திரும்பி வந்தேன்" என்றார்.

இருவரும் சிரிக்கத் தொடங்கினோம். டொக்டர் எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம். ஒரு கொட்டையும் விழாத நாள்தான் முழுவதுமாகத் தொலைந்துபோன நாள்! அதுவரை நான் கொட்டை குறைந்தால் நல்லது, கூடினால் தோல்வி என்று வைத்திருந்தேன். அவர் அதைக் கவிழ்த்துப் போட்டார். கொட்டை விழுவது மனம் போனதற்கு அடையாளமில்லை, போனதைக் கண்டதற்கு அடையாளம். நிறைய விழுந்தால் நிறையத் தரம் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன் என்று அர்த்தம். அன்றிலிருந்து சிரட்டையைப் பார்த்து நான் பயப்படவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குள் இது ஒரு பொழுதுபோக்கு மாதிரி ஆகிவிட்டது. மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே, "இண்டைக்கு எங்கை போனனீங்கள்?" என்று நான் கேட்பேன். "மூணு தரம் சந்தைக்கு, ஒரு தரம் கல்யாணத்துக்கு" என்பார். "யாற்றை கல்யாணம்?" "மகளுக்குத்தாங்க." மகளுக்கு அப்போது எட்டு வயது. அம்மா ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவா, நாங்கள் ஒரே பாத்திரத்தில் சம்பலைத் தொட்டுச் சாப்பிடுவதைக் கண்டு முகத்தைச் சுளித்தா. வீட்டுக்குப் போனதும் ஏதோ சொல்லத் தொடங்கினா. "அம்மா, அவாவைச் சாவுக்குக் கிட்டக் கொண்டு போனது நான்" என்றேன். அதற்குப் பிறகு அம்மா அந்தச் சொல்லை என் முன்னால் பாவிக்கவில்லை. என் பின்னால் பாவித்தாவோ தெரியாது.

இது எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று எழுதினால் பொய். ஆவணி மாதத்தில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும், குண்டு போட வரும் பொம்மரின் இரைச்சல் கேட்டது. எல்லோரும் ஓடிப்போய்க் கொட்டிலுக்குப் பின்னால் இருந்த பங்கருக்குள் இறங்கினோம். தென்னங்குற்றி அடுக்கி மண் போட்ட சின்னப் பங்கர். பதினைந்து பேர் முழங்கால் இடிக்க இருந்தோம். தூரத்தில் ஒன்று விழுந்தது. நிலம் அதிர்ந்து மண் தலையில் கொட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் வந்த அமைதி இங்கே வரும் என்று ஒரு நம்பிக்கை. வரவில்லை. மூச்சே வரவில்லை.

பக்கத்தில் அந்தப் பெண் என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய பிடியில் என் விரல்கள் நொந்தன. காதுக்குக் கிட்ட வந்து, "மிஸ்ஸி, இப்ப எங்கங்க இருக்கீங்க?" என்றார்.

அந்த நேரத்தில் இப்படியும் கேட்பாரா என்று இருந்தது. ஆனாலும் தேடிப் பார்த்தேன். "வயித்திலை. தொப்புளுக்கு மேலை. இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்குது."

"எனக்கு முழங்காலுலங்க. தண்ணி மாதிரி ஆகிப்போச்சி."

இரண்டாவது விழுந்தது. "இப்ப?" என்றேன். "இப்ப தொண்டைக்கு வந்திரிச்சி," என்றார். "எனக்கு அதே இடத்திலைதான்." பயம் போகவில்லை, கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் பயத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, அளவு இருக்கிறது, அது அசைகிறது என்பதை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். அதற்கு முன்பு பயம் வந்தால் நானே பயமாக இருந்தேன். இப்போது பயமும் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்தேன். மூச்சு நாலு வரை எண்ண முடிந்தது. ஐந்தில் விமானம் திரும்பி வரும் சத்தம் கேட்க எண்ணிக்கை அறுந்தது. அன்று எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஏறி வந்தபோது அவர், "தொண்டையிலதாங்க இன்னமும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாளியடியில் போய்க் குந்தினார்.

அண்ணையின் கடிதம் மாரி தொடங்கியபோது வந்தது. வவுனியாவில் இருந்து வந்த ஒருவர் சட்டைப்பையில் மடித்துக் கொண்டு வந்து, நேரே காய்ச்சல் கொட்டிலுக்கு வந்து என் மேசையில் வைத்தார். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்போது ஒரு சின்னப் பிள்ளையின் சிலைட்டில் நாற்பத்துமூன்றாவது வட்டத்தில் இருந்தேன். தாய் பிள்ளையை மடியில் வைத்து வாங்கில் காத்திருந்தாள்.

முடித்துவிட்டுத் திறப்பேன் என்று கண்ணைத் திரும்ப வைத்தேன். நாற்பத்துநாலு. மனம் கடிதத்தில். கொட்டை. நாற்பத்தைந்து. கடிதத்தில். கொட்டை. போனதைக் காண்கிறேன், திரும்பி வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. வளையத்துக்கும் ஊதாப் பொட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன். பிள்ளையின் தாயைப் பார்த்து, "அம்மா, என்ரை அண்ணையின்ரை கடிதம். ஒரு வருசத்துக்கு மேலாய் வராதது. ஒருக்கா வாசிச்சிட்டு உங்கடை பிள்ளையை முதல்லை இருந்து பாக்கிறன்" என்றேன். "வாசியுங்கோ பிள்ளை, வாசியுங்கோ" என்றாள் அவள்.

நாலு மாதத்துக்கு முன்பு எழுதிய கடிதம். கொழும்பில் ஓர் அறையில் ஆறு பேரோடு இருக்கிறாராம். பயணம் இரண்டு தரம் சரிவராமல் பிழைத்துவிட்டதாம். அம்மா குளிசையை நேரத்துக்குப் போடுகிறாவா என்று கேட்டிருந்தார். கடைசியில், 'என்ரை சைக்கிளை மட்டும் விக்க வேண்டாம்' என்று ஒரு வரி. சைக்கிள் எப்போதோ போய்விட்டது. நான் கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றில் இருந்து தொடங்கினேன். நூறும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு ஏதோ காய்ச்சல்.

"முடிக்காமலே திறந்துட்டீங்களாங்க?" என்று சிலைட் கழுவிக்கொண்டிருந்த பெண் பின்னாலிருந்து கேட்டார்.

"ஓம். ஏலேல்லை."

"அதுவும் சரிதாங்க. புள்ளைய ரெண்டாம் வாட்டி நல்லாப் பாத்தீங்கதானே." (அண்ணை அடுத்த வருஷம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து வந்த முதல் கடிதத்திலும் சைக்கிளைப் பற்றிக் கேட்டிருந்தார்.)

இதற்கிடையில் அந்தப் பெண் கழுவுவதோடு நிற்கவில்லை. ஓய்ந்த நேரங்களில், "என்னைக் கொஞ்சம் பாக்க விடுங்க" என்று வந்து கண்ணை வைப்பார். தன்னைப் படுக்கையில் போட்டது எப்படி இருக்கும் என்று அறிய ஆசை. முதல் தரம் வளையத்தைக் கண்டபோது, "இத்துனூண்டா?" என்று கத்தினார். ஒரு வருஷத்துக்குள் டொக்டரே அவரை வைத்துச் சோதித்துப் பார்த்து, பாதிச் சிலைட்டுகளை அவரிடம் கொடுத்தார். பின்னொரு காலத்தில் அவர்கள் குடும்பமாகப் பூவரசங்குளம் பக்கம் போனபோது, டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி அங்கே அதே வேலையில் சேர்ந்தார். அவர் போவதற்கு முந்திய மாரியில் எனக்கும் காய்ச்சல் வந்தது. இரண்டு வருஷம் மற்றவர்களின் இரத்தத்தைப் பார்த்தவள், ஒரு பின்னேரம் நடுங்கிக்கொண்டு என் விரலை அவரிடம் நீட்டினேன். அவர் பதினைந்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு துண்டில் 'உண்டு' என்று எழுதி, "எழுவதாவது வட்டத்துல ஒருக்கா வெளிய போய்ட்டேங்க, திரும்ப வந்து பாத்தா அங்கனதான் ஒண்ணு ஒக்காந்திருக்கு" என்றார். குளிசையைத் தந்து, சைக்கிளில் ஏற்றி என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். அன்று அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தா.

மூன்றாம் நாள் விடிய எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பில் பலமில்லை. பாயில் மல்லாந்து கிடந்தேன். கிடுகு இடுக்கால் வெளிச்சம் விழுந்திருந்தது. அம்மா குசினிக்குள் சுளகில் எதையோ புடைக்கும் சத்தம், காணிக்காரரின் கிணற்றுக் கப்பிக் கயிற்றின் கிரீச்சு, தூரத்தில் ஒரு உழவு இயந்திரம். ஒவ்வொன்றாக வந்தன, போயின. எண்ண ஒன்றும் இல்லை, தேட ஒன்றும் இல்லை, மூச்சைப் பிடிக்கவும் இல்லை. மனம் அடங்கிப் போயிருந்தது. காய்ச்சல் தின்ற களைப்பா, அல்லது நுணுக்குக்காட்டிக்கு முன்னால் தேடிய அமைதி இதுதானா என்று யோசித்தேன். யோசித்த அந்தக் கணத்திலேயே உள்ளே ஒரு குரல், 'இதை மறக்காமல் வைத்திருந்து வேலைக்குப் போனதும் மத்தியானம் சொல்ல வேணும்' என்று தொடங்கி, என்ன சொற்களில் சொல்வது, அதற்கு அந்தப் பெண் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று வேலியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தா. "என்ன, தனியக் கிடந்து சிரிக்கிறாய்? திரும்பக் காயுதே?"

"இல்லையம்மா. விட்டிட்டுது."

அம்மா வந்து நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தா. கையில் தவிட்டு மணம். "ஓம், விட்டிட்டுதுதான். எழும்பி முகத்தைக் கழுவு. கஞ்சி ஆறப்போகுது" என்றா.